ஐப்பசியில் உதிரும் இலை

சுங்கை சிப்புட், மலேசியா
அக்டோபர் 25, ஞாயிறு மாலை

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். நல விசாரிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்கு முட்டி வலி, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பி குடும்பம் ஈப்போவில் சுகம். கிராணி வீட்டு அக்கா இன்னும் அதே குரலில்தான் தெருவையே எழுப்புகிறார். ரொட்டிக்கார பாயின் மகன் வேன் வாங்கிவிட்டான். ஆனாலும் மணியை அப்பா அடித்த மாதிரியே மூன்று தடவை விட்டு விட்டு அடிக்கிறான். கேட்கும்போதெல்லாம் உன் ஐந்து காசு ஞாபகம் வருகிறது. இன்னும் எனக்குத் தரவேண்டியதுதான் அது, மறந்துவிடாதே.

நான்கு பக்கமும் தோட்டத்தைப் பற்றியே எழுதியிருந்தாய். இங்கிலாந்தில் லெஸ்டர் ஆஸ்பத்திரியில் அத்தனை வருடம் நோயாளிகளுக்கு நாடி பார்த்தவள், இப்போது செடிகளுக்குப் பார்க்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லய வீட்டின் பின்கட்டில் நட்ட கத்தரிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தவள், குளிர் வருவதற்கு முன் பூண்டுப் பற்களைக் கூர் முனை மேலே இருக்கும்படி பார்த்துப் பார்த்து ஊன்றுகிறாள்! பூண்டுக்குக் குளிர் வேண்டும், குளிர் படாவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும் என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதனால்தான் நம் மண்ணில் அது வரவில்லையா?" என்று கேட்டார். எத்தனை தடவை ஊன்றிப் பார்த்தார் தெரியுமா, பாவம். டுலிப் கிழங்கை நவம்பர் வரை தள்ளிப்போடச் சொல்லிய உன் பக்கத்து வீட்டுக் கிழவர் சொல்வதைக் கேள். டாலியாவை முதல் உறைபனியில் இலை கறுத்த பிறகு தோண்டி எடுத்து உலர வைக்கச் சொன்னாராமே, அதையும் கேள். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

ஆனால் கறிவேப்பிலை விஷயத்தில் நீ என் பேச்சைத்தான் கேட்கவேண்டும். அது நம் ஊர்ப் பிள்ளை. இரவு பத்து டிகிரிக்குக் கீழே போவதற்கு முன்பே தொட்டியோடு உள்ளே எடுத்துவிடு. வெயில் விழும் ஜன்னலோரம் வை, ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். தண்ணீரைக் குறை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார், உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்று. உன் கைக்கு அது கஷ்டம், தெரியும். டிசம்பரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றாலும் தூக்கிப் போட்டுவிடாதே. நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. வசந்தம் வரைக்கும் பொறுத்திரு.

இலைகளைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வாரிய இலையைக் குப்பை வண்டிக்குக் கொடுப்பதா, மூட்டை கட்டி மக்க வைப்பதா என்று கேட்டிருந்தாய். மக்க வை. ஓக் இலை நன்றாக மக்கும் என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன். பையில் நாலைந்து ஓட்டை போட்டு, இலையை ஈரமாக்கி, ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடு. இரண்டு வருடத்தில் கறுப்பாக, பொலபொலவென்று வரும். ஆனால் ரோஜாவின் கரும்புள்ளி விழுந்த இலைகளை அதில் சேர்க்காதே. அவற்றைத் தனியாகப் பொறுக்கி அப்புறப்படுத்திவிடு. நோய் பிடித்த இலை செடியின் காலடியில் கிடந்தால் அடுத்த வருடமும் அதே நோய்தான் வரும். இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை, இந்த மாதம் என் வாசலிலேயே படித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே மழைக்காலம் வந்துவிட்டது. கிழக்குக் கரைக்குப் பருவமழை நவம்பரில்தான், நமக்கு இந்த மாதமே தினமும் மதியம் மூன்று மணிக்கு இடி, நான்கு மணிக்கு வாசலில் குளம். கால்வாயில் அடைத்த மண்ணை வாரினேன். மிளகாய்க்கு மேட்டுப்பாத்தி போட்டேன். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுத்தேன். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டுகளை எல்லாம் கவிழ்த்து வைத்தேன், டிங்கிக் கொசு அதில்தான் முட்டை இடுகிறது. உரம் போடவில்லை, போட்டாலும் மழையோடு போய்விடும். வருடா வருடம் செய்யும் வேலைதான் இது, கை தானாகச் செய்துவிடும்.

இனி, சொல்ல வந்தது.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு ரப்பர் பால்மரங்கள் உனக்கு ஞாபகம் இருக்குமே. ஒன்பதாம் நம்பர் ரப்பர் காட்டை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்ட வருடம், கடைசியாக ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அன்று அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்த விதைகள் அவை. போன தடவை வந்தபோது அதன் அடியில் உட்கார்ந்து நாம் இருவரும் விதையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடினோம், அறுபது வயதுக்கு மேல்! இந்த வருடமும் ஆகஸ்டில் காய் வெடித்து விதை கூரையில் படபடவென்று விழுந்தது. அம்மா பொறுக்கி மைலோ டின்னில் போட்டு வைத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் இலையில் பொட்டு விழ ஆரம்பித்தது. வட்டமாக, பழுப்பாக, பத்துக் காசு அளவில். முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு ஒரு மழை. மறுநாள் காலையில் வாசல் முழுக்க இலை. மாசியில் கொட்டுமே, செம்பு நிறமாகி, காய்ந்து, நடந்தால் சரசரக்கும் இலை, அது இல்லை. பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக, பொட்டோடு, ஈரமாக ஒட்டிக்கொள்ளும் இலை. பத்தே நாளில் மேலே வானம் தெரிந்தது.

விவசாய இலாகாவிலிருந்து வந்த தம்பி ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார். பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூஞ்சை. வாயில் நுழையாத பெயர், எழுதி வாங்கிக்கொண்டேன். மலேசியாவில் 2017 முதல் இருக்கிறதாம். மற்ற இலை நோய்கள் பெரும்பாலும் குருத்தைத்தான் பிடிக்கும், இது முற்றிய இலையைப் பிடிக்கிறது. காற்றும் மழையும் பூஞ்சையின் வித்துகளைச் சுமந்துகொண்டு போகின்றன. பக்கத்துக் கிராமத்தில் சிறுதோட்டம் வைத்திருப்பவரும் அதையேதான் சொன்னார்: வருடத்தில் ஒரு தடவை கொட்டவேண்டிய மரம் இரண்டு தடவை, மூன்று தடவை கொட்டுகிறது, பால் எப்படி வரும் என்று கேட்டார். நீ போன மாதம் சுற்றிப் பார்த்த அதே லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்துதான் 1877-இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது குவாலா கங்சாருக்கு வந்தன. ஆறாம் வகுப்பில் வாத்தியார் பஸ்ஸில் அழைத்துப் போய்க் காட்டினாரே வேலி போட்ட மரம், அந்த மரம். அன்றிலிருந்து இந்த மண் முழுக்கப் பரவி, நம் தாத்தாக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நம்மை வளர்த்த மரம். நம் வீட்டுக்குப் பின்னால் இந்த நிலையில் நிற்கிறது. பார்க்க மனம் பொறுக்கவில்லை, குருவி.

ஆனாலும் மரத்துக்காக மட்டும் நான் உனக்கு எழுதவில்லை.

இலை கொட்டிய மூன்றாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். அம்மா அரிசியை அளந்து இரண்டு பங்காக்கிக்கொண்டிருந்தார். என்ன அம்மா என்றேன். "இலை கொட்டிவிட்டது, இனி பால் குறையும், சம்பளம் குறையும். பங்குனி வரை இழுத்துக்கொண்டு போகவேண்டும்" என்றார். நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். காலையில் தீபாவளிக்கு எடுத்த சேலையைக் காட்டினேன். "மாசியில் யாராவது சேலை எடுப்பார்களா?" என்று என்னைத் திட்டினார். தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரம். நாட்காட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மரத்தைக் கையால் காட்டினார்.

முப்பத்தோரு வருடம் பால் வெட்டியவர். பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கிய தோளில் தழும்பு இன்னும் இருக்கிறது. அவருக்கு நாட்காட்டி எப்போது வேண்டியிருந்தது? இலை கொட்டினால் மாசி. கொழுந்து விட்டால் பங்குனி. காய் வெடித்தால் ஆடி, ஆவணி. கடந்த ஒரு வருடமாகப் பெயர்களை மறக்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார் என்று உனக்கு எழுதாமல் மறைத்தேன், அது என் தவறு. டாக்டர் வயது என்கிறார், எண்பத்தாறில் இது சகஜம் என்கிறார். ஆனால் மாதத்தை மட்டும் அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். மரமே பொய் சொன்னால் அவர் என்ன செய்வார்?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. நீ வரும் காலமெல்லாம் தைப்பூசக் காலம். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் பால்குடம் முடித்துவிட்டு இங்கே வந்து இரண்டு வாரம் இருப்பாய், நீ கிளம்பும்போது வாசலில் இலை கிடக்கும். அம்மாவுக்கு இலையும் நீயும் ஒன்றாகத்தான் நினைவில் இருக்கிறீர்கள். இப்போது இலையைப் பார்த்ததும் உன்னைத் தேடுகிறார். செவ்வாய்க்கிழமை மூன்று தடவை கேட்டார், குருவியின் பஸ் வந்துவிட்டதா என்று. மரவள்ளிக்கிழங்கு அவித்து, நெத்திலிச் சம்பல் அரைத்து, மூடி வைத்துவிட்டு வாசல் ஐந்தடி நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகுதான் எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிழங்கை மட்டும் எடுத்து என் தட்டில் வைத்தார்.

நீ வந்து நான்கு வருடம் ஆகிறது. உன் இடுப்பு அறுவைச் சிகிச்சை, பேரப்பிள்ளை, டிக்கெட் விலை, எல்லாம் எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்ததும் செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான்.

தம்பி இரண்டு மரத்தையும் வெட்டிவிடச் சொல்கிறான். நோய் பிடித்துவிட்டது, வயதாகிவிட்டது, கிளை மின்கம்பிப் பக்கம் சாய்கிறது, ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி கொடுத்தால் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள் என்கிறான். அவன் சொல்வதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அம்மா எழுந்து வந்து பார்க்கும்போது அங்கே வெறும் வெளி இருந்தால்? மின்கம்பிப் பக்கத்துக் கிளையை மட்டும் கழிக்கச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைத் தை வரைக்கும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு வருத்தம்தான்.

இலையை நான்தான் தினமும் வாருகிறேன். திறந்த வெளியில் எரிக்கச் சட்டம் இடம் கொடுக்காது, எரிக்க எனக்கும் மனம் இல்லை. மிளகாய்ப் பாத்திக்கு வெகு தூரத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, இலையைப் போட்டு, சுண்ணாம்பு தூவி, மண்ணைத் தள்ளி மூடுகிறேன். அம்மா எழுவதற்கு முன்னால், ஆறு மணிக்குள். வாசலில் இலை கிடக்காவிட்டால் மாசி என்று நினைக்கமாட்டார் என்று ஒரு நப்பாசை. மொட்டைக் கிளையை எங்கே கொண்டுபோய் மூடுவது? நேற்றுப் பார்த்தேன், நுனிகளில் சின்னதாகக் கொழுந்து வெளிவருகிறது, செம்பு நிறத்தில். அந்த இலாகாத் தம்பி சொன்னதுதான், தெம்பு இருந்தால் மறுபடி தழைக்கும். அம்மாவும் பார்த்துவிட்டார். பங்குனி வந்துவிட்டது என்றார்.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கிறேன். இன்றைக்கு உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருப்பீர்கள். இனி நமக்குள் எட்டு மணி நேர வித்தியாசம். காலையில் பசியாறிவிட்டு, பத்து மணிக்கு அழை. இங்கே ஆறு. அம்மா விளக்கு ஏற்றிவிட்டு உட்காரும் நேரம், மனம் தெளிவாக இருக்கும் நேரமும் அதுதான். புலனத்தில், அதான் வாட்ஸ்அப்பில், முகம் தெரிகிற மாதிரி அழைக்காதே, பெட்டிக்குள் உன்னைப் பார்த்தால் பயப்படுகிறார். குரல் போதும். பெரியம்மா என்று நீ கூப்பிடும் குரல் அவருக்குத் தெரியும். எந்த மாதம் என்று அவர் சொன்னாலும் நீ திருத்தாதே, நான் திருத்திப் பார்த்து அவரை அழ வைத்துவிட்டேன். பஸ் எப்போது என்று கேட்டால் உண்மையைச் சொல். வர முடியுமென்றால் முடியும் என்று சொல், முடியாதென்றால் முடியாது என்று சொல். ஏமாற்றி வைக்க வேண்டாம். தைப்பூசத்துக்கு வர உனக்கு ஒரு வழி இருந்தால், டிக்கெட்டில் பாதி நான் போடுகிறேன். இதை நீ வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

இடி முழங்குகிறது, இதோடு நிறுத்துகிறேன். அம்மா கூப்பிடுகிறார். உனக்கென்று எடுத்துவைத்த கோரைப் பாயைக் காலையிலிருந்து கொடியில் காயப் போட்டிருக்கிறார், மழை வருவதற்குள் அதை உள்ளே எடுக்கவேண்டுமாம்.

உன் அன்புள்ள,
பக்கத்து லயத்துக்காரி