குழம்பு கொதித்ததால் சொல்லாமல் விட்டது

அன்புள்ள கார்த்திக்,

ஞாயிற்றுக்கிழமை போனில் சரியாகப் பதில் சொல்லவில்லை, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "யூத வெறுப்பெல்லாம் இப்போ பெரிசா இல்லம்மா, கறுப்பர்களும் முஸ்லிம்களும் படுறதுதான் அதிகம்" என்றாய். நீ குடியிருப்பதோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில், அதுவும் யூதர்கள் நிறைய வாழும் ஸ்குவிரல் ஹில்லில். 2018 அக்டோபரில் அங்கே யூதர்களின் ஜெப ஆலயத்துக்குள் புகுந்து ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றானே. செத்தவர்களில் ஒரு பாட்டிக்கு 97 வயது. மனசு கேட்கவில்லை, உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வாத்தியாரம்மா புத்தி எங்கே போகும்!

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் 2023-ஆம் ஆண்டுப் பதிவில் கறுப்பர்கள் மீதான வெறுப்புக் குற்றங்கள் 3,000-க்கு மேல். அதுவரை நீ சொன்னது சரி. அடுத்து யூதர்கள் மீது 1,800-க்கு மேல், முஸ்லிம்கள் மீது 230-க்கு மேல். ஆனால் அந்த நாட்டில் யூதர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான், கறுப்பர்கள் பதின்மூன்று பேருக்கு மேல். தலைக்கு வகுத்துப் பார், கறுப்பரைவிட யூதருக்கு விழுவது மூன்று மடங்குக்கு மேல் வரும்.

இதையும் அப்படியே நம்பிவிடாதே. போலீசுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் இதில் வரமாட்டார்கள். கறுப்பர் என்பதால் வேலை கிடைக்காததும், வாடகைக்கு வீடு கிடைக்காததும், அவர்கள் காரைப் போலீஸ் மறிப்பதும் இந்தப் பட்டியலில் கிடையாது. இத்தாலியில் 2014-இல் எடுத்த ஒரு சர்வேயில் ரோமா என்ற சிறுபான்மை இன மக்களைப் பிடிக்காது என்றவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். யூதர்களைப் பிடிக்காது என்றவர்கள் கால்வாசிப் பேர். அளவுகோலை மாற்றினால் வரிசையே மாறிவிடுகிறது.

எனக்குப் படுவது இதுதான். மற்றவர்களை மட்டம் என்று சொல்லி வெறுக்கிறார்கள். யூதர்களை மட்டும், மறைவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறவர்கள் என்று சொல்லி வெறுக்கிறார்கள். அதனால் படித்தவர்களுக்குக்கூட அது வெறுப்பாகத் தெரிவதில்லை, ஏதோ அரசியல் அறிவு மாதிரி இருக்கிறது. உன் வாட்ஸ்அப் மாமாவை நினைத்துக்கொள்.

ஸ்குவிரல் ஹில்லில் சுட்டவனின் கோபம் எதற்குத் தெரியுமா? ஹையாஸ் என்ற யூத அமைப்பு அகதிகளுக்கு உதவி செய்து நாட்டுக்குள் குடியேற்றுகிறதாம். வெளியே இருந்து வருகிறவர்கள்மேல் இருந்த வெறுப்பை அவன் யூதர்கள்மேல் இறக்கினான். அவன் கணக்கில் நீயும் வெளியே இருந்து வந்தவன்தான் கண்ணா. செத்தவர்களின் குடும்பங்களுக்கு முஸ்லிம்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். யாருக்கு அடி அதிகம் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

சரி, பார்சலில் பருப்புப் பொடி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரொட்டி கொடுப்பாரே எதிர்வீட்டுப் பாட்டி, அவருக்கும் கொஞ்சம் கொடு. கோஷர் என்ற யூத உணவு விதி பார்ப்பவரா என்று முதலில் கேட்டுக்கொள்.

அம்மா