முன் அனுமதி பார்க்கும் டாக்டர்களுக்கு: ‘அஞ்சாறு வருசம்’ ஒரு கணக்கல்ல

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் முன் அனுமதி கொடுக்கும் டாக்டர்களுக்கு,

அம்பாசமுத்திரத்திலிருந்து வணக்கம். நீங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க் ஸ்கேன் செய்து அனுப்பும் காகிதத்தைத்தான் பார்க்கிறீர்கள். அந்தக் காகிதத்தில் ஒரு வரி எப்படி வந்து விழுகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

2024 ஐப்பசியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். சேர்க்கும்போது ஓர் இளம் டாக்டர், “சுகர் எத்தனை வருஷமா இருக்கும்மா?” என்று கேட்டார். “அது கெடக்கு, ஒரு அஞ்சாறு வருசமா” என்றாள் அம்மா. அவர் ஆறு வருடம் என்று எழுதிக்கொண்டார். பாலிசி எடுத்தது 2021 மே மாதம். அந்தக் கணக்கில் பாலிசிக்கு முன்பே சுகர் இருந்ததாகி, அம்மா நோயை மறைத்தவள் ஆகிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் அஞ்சாறு என்றால் ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை. கல்யாண வீட்டுக்கு அஞ்சாறு பேர் வந்தார்கள் என்போம், அஞ்சாறு தடவை சொல்லியாச்சு என்போம். கொஞ்ச நாளாக இருக்கிறது, எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். அம்மாவுக்குச் சுகர் இருப்பதைக் கண்டுபிடித்ததே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் அக்காதான். அந்தத் திட்டம் தொடங்கியதே 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி. பாலிசி எடுத்து மூன்று மாதம் கழித்து.

உங்களிடமிருந்து குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, வந்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்கு. முதன்முதலில் சுகர் கண்டுபிடித்த சீட்டு வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. விடியற்காலை பஸ்ஸில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக ஊருக்குப் போய், அம்மாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அந்த அக்கா எழுதிக்கொடுத்த சீட்டு ரேஷன் கார்டுக்குள் மடித்து இருந்தது. அங்கே அம்மா ராத்திரியிலிருந்து பட்டினி. பதினொரு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்து, வேர்த்துக்கொட்டி, நர்ஸ் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார். அப்புறம் இன்னொரு குவெரி வந்தது, பழைய ரத்தப் பரிசோதனை வேண்டுமாம். முந்தின ராத்திரியே கேட்டிருந்தால் அதையும் அதே பெட்டியிலிருந்து எடுத்து வந்திருப்பேன். அனுமதி சாயங்காலம் வந்தது. ஆபரேஷன் மறுநாளைக்குப் போயிற்று.

கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே 29-ஆம் தேதி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டது. டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் பணத்தை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். நல்ல விதி. ஆனால் குவெரி போட்டதும் எங்கள் ஒரு மணி நேரம் ஒரு நாளாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் இப்படித் தள்ளிப்போன அந்த நாளின் அறை வாடகையை நாங்கள்தான் கட்டினோம்.

பொய் சொல்லிப் பாலிசி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் சந்தேகப்படுவது தப்பில்லை, சரி. சந்தேகம் வந்தால் நோயாளியிடமே போனில் கேளுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் இரண்டு நிமிடம் பேசினால் போதும், சுகர் எப்போது, யார் பார்த்துச் சொன்னார்கள் என்பது வந்துவிடும். பாலிசித் தகவல் தாளையே கேட்டால் எங்கள் மொழியில் தர வேண்டும் என்று விதி இருக்கும்போது, குவெரி மட்டும் ஏன் தமிழில் வரக்கூடாது? வேண்டிய காகிதம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேளுங்கள். அதையும் நோயாளி பட்டினி கிடக்கத் தொடங்கும் முன்னால், பகலிலேயே கேளுங்கள். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு அதற்கு நேரம் இருக்கிறது.

கேஸ் ஷீட் எழுதும் டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் அம்மாக்கள் சொல்கிற வருடத்தைத் திருப்பி ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள். சுமாராகச் சொன்னால், சுமாராகச் சொன்னார் என்றே எழுதுங்கள்.

அம்மாவுக்கு அடுத்து இடது கண்ணில் புரை ஆபரேஷன் இருக்கிறது. அந்தச் சீட்டை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறேன். கோரிக்கையோடு முதலிலேயே அனுப்புகிறேன். அதில் ஏதாவது விளங்கவில்லை என்றால் கூப்பிடுங்கள், அம்மாவே பேசுவாள்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மகன்