உன் மூன்றாம் பத்திக்கு ஒரு பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால், மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, மற்றபடி தொந்தரவில்லை. மகளின் தேர்வு முடிவைப் படித்து வீடே மகிழ்ந்தது, அவளிடம் தவறாமல் சொல். அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்ததற்குக் கடைசியில் வருகிறேன். அதைத் தள்ளிப்போடுகிறேன் என்று நினைக்காதே. இந்தக் கடிதமே அங்கேதான் போய்ச் சேரப் போகிறது.

நான் உடனே பேனாவை எடுக்கக் காரணம் உன் மூன்றாம் பத்தி. கேமராவை அக்காள் மகனுக்குக் கொடுத்துவிடப் போவதாகவும், வண்ணப்பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டதாகவும், "இனி இதற்கெல்லாம் நேரம் ஏது" என்றும், பழைய செய்தித்தாளை எடைக்குப் போடுவது போல மூன்றே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த பத்தியில் நம் நண்பன் கொக்கு வாங்கிய புது வண்டிக்கு ஒரு பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறாய்! நாற்காலி போல நிற்கும் அந்தக் குதிரையை, நம் நாற்காலிக் குதிரையை, வரைந்த கை இது என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை, நம் ஓவிய ஆசிரியருக்கும் கடைசிவரை மறந்திருக்காது.

நேரம் இல்லை என்று நீ சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. அலுவலகம், வீடு, அம்மாவுக்கு வேளை தவறாமல் மருந்து என்று உன் நாள் எப்படி நகர்கிறது என்பது எனக்குத் தெரியும். என் சண்டையெல்லாம் நீ எந்த நேரத்தைத் தேடுகிறாய் என்பதோடுதான். யாரும் கூப்பிடாத, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாத, பெரிய தாளை விரித்துவைத்து உட்காரக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீ பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறாய். அப்படி ஒரு நாள் தப்பித் தவறி வாய்த்தபோதும் நீ வரையவில்லை என்பது உன் பழைய கடிதங்களிலேயே இருக்கிறது. அத்தனை அபூர்வமாகக் கிடைத்த நாளில் வரைவது நன்றாக வந்தாக வேண்டுமே என்ற பயத்திலேயே தூரிகையைக் கழுவித் துடைத்து, பென்சில்களைச் சீவி அடுக்கி, மாலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறாய். தினமும் வரைகிறவனுக்கு இந்தப் பயம் இருக்காது. இன்றைய படம் கெட்டால் நாளைக்கு இன்னொன்று இருக்கிறது.

ரவீந்திரநாத் தாகூர் முனைப்பாக ஓவியம் தீட்டத் தொடங்கியது அறுபதைத் தாண்டிய பிறகு என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அது எப்படித் தொடங்கியது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய சொற்களை அவர் சும்மா விட்டுவிடாமல், அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விநோத விலங்காகவும் மாற்றிக்கொண்டிருந்தார். ஓவியத்துக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குவதற்கு முன்பே, எழுதுகிற நேரத்தின் இடுக்குகளுக்குள் ஓவியம் நுழைந்துவிட்டது. 1930-ல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. அவர் விட்டுச்சென்ற படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். உடனே "நான் என்ன தாகூரா" என்று கேட்காதே. உன்னிடம் நான் கேட்பது பாரிஸை அல்ல, இடுக்குகளைத்தான்.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேள். காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் 20 நிமிடம். உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு, ஒரே தூரிகை, மூன்று வண்ணங்கள்: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, ஒரு மஞ்சள். இவற்றோடு ஒரு குவளைத் தண்ணீரையும் முந்தைய இரவே மேசையில் எடுத்து வைத்துவிடுவேன். ஏனென்றால் வரைவதற்கு ஆகும் நேரத்தைவிட வரையத் தயாராவதற்கு ஆகும் நேரம்தான் நம்மைத் தோற்கடிக்கிறது. நான் தைல வண்ணத்தை விட்டு நீர்வண்ணத்துக்கு வந்ததும் இதனால்தான். நீர்வண்ணத்தில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரில் கரையும் பிசின். ஆகையால் தட்டில் காய்ந்துபோன வண்ணம் மறுநாள் ஈரத்தூரிகை பட்டதும் இளகிக்கொடுக்கும். பாதியில் யாராவது கூப்பிட்டாலும் தூரிகையை அலசி வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். தைல வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் நாற்றமும் இல்லை, மனைவியிடம் பாட்டும் இல்லை.

மூன்று வண்ணம் போதுமா என்று நீ கேட்பாய். அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து பார். நீலம் தூக்கினால் மழைமேகம், பழுப்பு தூக்கினால் பழைய மரம், இரண்டும் சமமாக நின்றால் அருமையான சாம்பல், தண்ணீரைக் குறைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். சொரசொரப்பான தாளாக இருந்தால் அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து, நாம் போடாத ஒரு மணல்தன்மையைத் தானே போட்டுக்கொடுக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வை: ஈரத்தில் தெரிகிற அடர்த்தி காய்ந்தபின் இருக்காது, வெளிறிவிடும், கை கூசாமல் ஒரு பங்கு கூடுதலாகவே வைக்க வேண்டும். நம் ஆசிரியர் "துணிந்து வை, துணிந்து வை" என்று பின்னால் நின்று கத்தியது வீரத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா?

சென்ற மாதம் ஒரு காலையில், வேறெதுவும் அகப்படாமல், எதிர்ச்சுவரில் விழுந்த சன்னல் கம்பிகளின் நிழலை வரைய உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், நிழல் சாம்பல், இதில் என்ன இருக்கிறது என்ற அலட்சியத்தோடுதான் சாம்பலைக் கலந்தேன். தாளில் வைத்ததும் அது அழுக்காகத் தெரிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு சுவரை மறுபடி பார்த்தபோது நிழல் நீலமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்: வெயில் படும் இடத்துக்குச் சூரிய ஒளி வருகிறது, அது மறைக்கப்பட்ட இடத்துக்கு வானத்தின் நீல ஒளி மட்டும் வருகிறது. சுவர் வெள்ளை என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதால் மூளை அந்த நீலத்தைக் கழித்துவிடுகிறது. கைபேசியில் அதே சுவரைப் படம் எடுத்தேன்; சன்னலுக்கு அருகில் வைத்து எடுத்தபோது ஒரு நிறம், வெயில் விழும் தரையையும் சட்டத்துக்குள் சேர்த்து எடுத்தபோது வேறு நிறம். கேமராவும் தன் பங்குக்கு வெள்ளையைத் தானே தீர்மானித்துத் திருத்திக்கொண்டிருக்கிறது. அன்று அலுவலகம் போகும் வழியெல்லாம் நிழல்களையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த 20 நிமிடம் அன்றைக்கு எத்தனை மணி நேரமாக நீண்டது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இனி உன் கேமராவுக்கு வருகிறேன். உன் சிக்கல் நேரக்குறைவு அல்ல, படங்கள் மிகுந்துபோனதுதான். ஒரே மரத்தை நாற்பது விதமாக எடுத்து, கணினி வட்டில் கொட்டி, திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு, "எல்லாவற்றையும் ஒருநாள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்" என்று பெருமூச்சு விடுகிறாயே, அந்த ஒருநாளும் உன் பழைய ஞாயிற்றுக்கிழமையின் தம்பிதான். நான் மாலையில் மூன்று படங்களுக்கு மேல் எடுப்பதில்லை. அன்றிரவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுகிறேன். கலை எடுப்பதில் பாதி, எஞ்சிய பாதி அழிப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. எதை எதற்காக விட்டோம் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் மறுநாள் எங்கே நிற்க வேண்டும் என்பது பிடிபடுகிறது.

எங்கும் போக முடிவதில்லை, எதைப் படம் எடுப்பது என்று நீ போனமுறை கேட்டிருந்தாய். ப்ராக் நகரத்துப் புகைப்படக் கலைஞர் ஜோசப் சுடெக்கைப் பற்றிச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக்கையோடு பெரிய தகட்டுக் கேமராக்களைக் கையாண்டவர். நாட்டை அந்நியப் படை பிடித்துவைத்திருந்த காலத்தில், 1940-ல், தன் சிறிய ஸ்டுடியோவின் சன்னலைப் படம் எடுக்கத் தொடங்கி 1954 வரை தொடர்ந்தார். கண்ணாடியில் வியர்த்த நீர், வெளியே ஒரு கோணல் மரம், சன்னல் விளிம்பில் ஒரு குவளை. பதினான்கு ஆண்டுகள் அந்தச் சன்னல் அவருக்குத் தீரவில்லை. உன் வீட்டில் இத்தனை சன்னல்கள் இருக்கும்போது, வெளியூர்ப் பயணம் அமையவில்லை என்பது ஒரு காரணமா?

ஓவியமா, புகைப்படமா, ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதாதா என்ற உன் கேள்வியும் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒன்று இன்னொன்றின் கண்ணைத் திருத்துகிறது. வரைந்த படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பார். நிறத்தின் மயக்கம் போய், இருட்டும் வெளிச்சமும் சரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே வரையாதே. கண்ணுக்கு நிழலுக்குள்ளும் தெரிகிற விவரத்தைப் படம் பல சமயம் வெறும் கறுப்பாக அடைத்துவிடும், வெளிச்சத்தை வெள்ளையாக எரித்துவிடும். அதைப் பார்த்து வரைந்தால் அந்தக் குறையும் உன் தாளுக்கு வந்துவிடும். இளமையில் ஓவியம் பயின்று, பிறகு கேமராவால் உலகப் புகழ் பெற்ற ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1970-களில் கேமராவை ஏறக்குறைய ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலுக்கே திரும்பினார்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்கும் உன் குணம்தான் எனக்குக் கவலை. உடற்பயிற்சியையும் அப்படித்தான் விட்டாய். பழக்கம் படிவதற்கு எவ்வளவு நாளாகும் என்று யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி 66 நாள் என்றாலும், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. எனக்கு ஆறுதலான முடிவு வேறு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஆகவே விட்டுப்போன நாளுக்கு அழுதுகொண்டு அடுத்த நாளையும் தொலைக்காதே. வின்ஸ்டன் சர்ச்சில் 1915-ல், பதவி பறிபோன மனச்சோர்வில், நாற்பது வயதில் தூரிகையைப் பிடித்தார். வாழ்நாளில் ஐந்நூறுக்கும் மேல் தீட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலம் முழுவதும் அவர் தீட்டியது ஒரே ஓவியம், 1943 ஜனவரியில் மொராக்கோவின் மராகேஷில். போர் முடிந்ததும் மீண்டும் தொடங்கினார். விடவே கூடாது என்று யாரும் உன்னிடம் சட்டம் பேசவில்லை. பரணில் ஏற்றாதே என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு வேண்டுகோள்: வரைவதை உடனுக்குடன் குடும்பக் குழுவில் போடாதே. பாராட்டு வந்தால் மறுநாளும் அதே மாதிரி வரையத் தோன்றும். வராவிட்டால் வரையவே தோன்றாது. கொக்கு தன் தினசரி ஓவியங்களை அப்படித்தான் ஊருக்கெல்லாம் அனுப்பி, விருப்பக்குறிகள் குறையத் தொடங்கியதும் தூரிகையை வைத்துவிட்டு வண்டி வாங்கப் போய்விட்டான்.

இப்போது அம்மா. மாலையில் ஒரு மணி நேரம் அவர்களின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பதாகவும், பேசிக்கொண்டே இருக்கும்போது அவர்கள் தூங்கிவிடுவதாகவும், எழுந்தால் விழித்துக்கொள்வார்கள் என்று அசையாமல் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களின் கையை வரை. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வண்ணம் வேண்டாம், கேமரா வேண்டவே வேண்டாம். தூங்குகிறவர்கள் முன்னால் அதை நீட்டுவது எனக்கு என்னவோ போலிருக்கிறது, ஒலி வேறு எழுப்பும். ஒரு மென்மையான பென்சில் போதும். என் அப்பாவின் கடைசி மாதங்களில் நான் அதைத்தான் செய்தேன், உனக்கு அப்போது சொல்லவில்லை. கட்டைவிரலின் அடியில் இருந்த மேடு, புறங்கையில் நரம்பு எலும்பைத் தாண்டி ஓடும் இடம், மோதிரம் கழற்றிய பின்னும் போகாத பள்ளம், இவற்றையெல்லாம் அத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததே இல்லை. படங்கள் பெரும்பாலும் சுமார்தான். ஒன்றிரண்டில் விரல்கள் வாழைச்சீப்பாகிவிட்டன. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் காத்திருக்கும் நேரமாக இல்லாமல் போனது, எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. உனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் விட்டுவிடு, அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அக்காள் மகனுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த ராட்சத முக்காலியையும், நீ ஒருமுறைகூடச் சரியாகப் பயன்படுத்தாத நீள லென்ஸையும் கொடு; கேமராவும் அதன் சிறிய லென்ஸும் உன்னிடமே இருக்கட்டும். பெரிய தாள்களின் மிச்சத்தைக் கத்தரித்து நானே தைத்த நோட்டு ஒன்றைத் தபாலில் அனுப்புகிறேன், சட்டைப்பையில் அடங்கும். முதல் பக்கத்தில் நாற்காலிக் குதிரையை நான் ஏற்கனவே வரைந்து கெடுத்துவைத்திருக்கிறேன். ஆகையால் புது நோட்டை அழுக்காக்கப் பயமாக இருக்கிறது என்ற சாக்கும் உனக்கு இல்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மருத்துவர் மறுபடி பார்த்ததும் என்ன சொன்னார் என்று உடனே எழுது, அதற்குப் படம் வரைந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உன் மைக்கூடு