டாப் கியரைக் கையால் பிடிக்காதே

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று இரவு போனில் நீ உன் லாரியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "டாப் கியர் நிற்க மாட்டேன் என்கிறது அப்பா, துள்ளித் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நாக்பூர் வந்து சேர்ந்துவிட்டேன்" என்றாய். அடுத்த நிமிடமே வண்டித் தவணைப் பேச்சு வந்துவிட்டது, பிறகு உன் குரல் கம்மிவிட்டது. சொல்ல வேண்டியதை என்னால் சொல்ல முடியவில்லை. நம் தெரு வண்டி ஒன்று நாளை சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் வருகிறது. அதன் டிரைவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த லோடு கிடைக்க நான்கைந்து நாள் ஆகும் என்றாய் அல்லவா? அந்த நாட்கள் போதும்.

முதலில் ஒன்று கேள். இனி ஒரு கிலோமீட்டர்கூட அந்தக் கியரைக் கையால் பிடித்து ஓட்டாதே. ரப்பர் போட்டுக் கட்டவும் கூடாது. இதை அதட்டலாக எடுத்துக்கொள்ளாதே. நான் செய்துவிட்டு அனுபவித்தது.

1998 பிப்ரவரி. நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தச் சாலையின் பெயர் தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44 என்கிறார்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். ஹைதராபாத் தாண்டியதும் டாப் துள்ள ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், கியர் கம்பி தானாக வெளியே வந்துவிடும். நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நான்காம் நாள் குலதெய்வக் கோயிலில் உனக்குக் காது குத்து வைத்திருந்தோம். பழைய டியூப் ரப்பரைக் கிழித்துக் கியர் கம்பியை இருக்கையின் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். அது தளரும்போதெல்லாம் கிளீனர் பையன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். உள்ளங்கை வரை அதிர்கிறது, சூடு ஏறுகிறது என்று சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

கர்நூல் தாண்டியது. குத்தி கோட்டை மலை கண்ணில் பட்ட நேரத்தில் கம்பி கையோடு தொளதொளவென்று ஆடியது. டாப் போயிற்று. சரி, நான்காவதில் போய்ச் சேரலாம் என்று போட்டால் நான்காவதும் விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஐந்து கியர் பெட்டியில் நான்காவதும் டாப்பும் ஒரே ஸ்லீவில், அதாவது கியரைப் பூட்டுகிற வளையத்தில், அதைத் தள்ளுகிற ஒரே ஃபோர்க்கில் ஓடுகின்றன. நாங்கள் பிடித்துப் பிடித்து, சுற்றுகிற ஸ்லீவின் மேல் ஃபோர்க்கை அழுத்திக்கொண்டே வந்ததில் அது எரிந்து தேய்ந்துவிட்டது. குத்தியிலிருந்து அனந்தப்பூருக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். மூன்றாவது கியரில், இன்ஜின் அலற அலற, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தோம். பழத்தை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பினேன். அந்த நடையின் வாடகை அதற்கே போயிற்று. நீ உன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட நேரத்தில், நான் அனந்தப்பூர்ப் பட்டறையில் ஒரு காலி ஆயில் டின்னின் மேல் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

அந்தப் பட்டறையில் ஒரு வயதான தெலுங்கு மேஸ்திரி இருந்தார். எனக்கு அரைகுறைத் தெலுங்கு, அவருக்கு அரைகுறைத் தமிழ். பெட்டியை இறக்கிப் பிரித்து, இன்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவருகிற கிளட்ச் ஷாஃப்டைச் சாக்கின் மேல் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். டாப்பைப் பூட்டுகிற சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும் அல்லவா, அவை ஒவ்வொன்றும் நுனிப்பக்கம் சரிந்து, சீவிய பென்சில் போல் கூம்பியிருந்தன. சரிந்த பல்லில் ஸ்லீவ் எப்படி நிற்கும்? வழுக்கிக்கொண்டுதான் வரும். "அப்படியானால் பல்தான் காரணமா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, இன்ஜினின் பின்னால் இருக்கிற ஃப்ளைவீலுக்குள் விரலை விட்டு, அங்கே கிளட்ச் ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிற சின்ன பைலட் பேரிங்கைச் சுற்றிக் காட்டினார். கரகரவென்று மணல் அரைத்தது. கிரீஸ் என்று ஒன்று அதில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. இரண்டு மாதம் முன்புதான் வழியில் ஒரு பட்டறையில் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தேன். அந்தப் பேரிங்கை மாற்றாமல் பழையதையே விட்டு மூடியிருக்கிறார்கள்.

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. மற்ற கியர்களில் கிளட்ச் ஷாஃப்டிலிருந்து கீழே லே ஷாஃப்டுக்கு இறங்கி, மறுபடி மெயின் ஷாஃப்டுக்கு ஏறித்தான் இழுவை வெளியே போகிறது. சுமை முழுவதும் சக்கரப் பற்களின் மேல். இந்த மாதிரிப் பெட்டியில் டாப் அப்படியில்லை. கிளட்ச் ஷாஃப்டையும் மெயின் ஷாஃப்டையும் நேராகச் சேர்த்துப் பூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் பூட்டு நிற்கும். முன்னால் பைலட் பேரிங் தேய்ந்தாலோ, இரண்டு ஷாஃப்டும் சேருகிற குழியில் இருக்கிற ரோலர்கள் தேய்ந்தாலோ கோடு கோணும். கோணினால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்லீவ் மயிரிழை மயிரிழையாக வெளியே நகரும். ஆகவே டாப் துள்ளுகிறது என்றால் டாப்பின் பல்லை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதே.

நீ தீபாவளிக்கு முன் கிளட்ச் மாற்றினாய். அப்போது அந்தப் பேரிங்கைப் புதிதாகப் போட்டார்களா? பில்லை எடுத்துப் பார். நான் இதை ஓட்டுகிறவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், பெற்ற பிள்ளையிடம் சொல்ல மறந்திருக்கிறேன்.

பட்டறையில் எடுத்த எடுப்பில் பெட்டியை இறக்க விடாதே. முதலில் நீயே வண்டிக்கு அடியில் படுத்துப் பார். இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் இன்ஜினும் பெட்டியும் சேர்ந்து அசையும், கியரையும் இழுத்துவிடும். இன்ஜினையும் பெட்டியையும் சேர்க்கிற பெல் ஹவுசிங் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றிலும் ஸ்பேனர் வைத்துப் பார். கியர் கம்பியின் அடியில் புஷ் தேய்ந்திருந்தால் கியர் முழுதாக விழாமல் பாதியில் நிற்கும், அதுவும் துள்ளும். இவை சரியாக இருந்தால் மேல் மூடியை மட்டும் கழற்றச் சொல். அங்கே கியரை இடத்தில் நிறுத்தும் பந்தும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. டாப்பின் ஸ்பிரிங்கை மற்ற ஸ்பிரிங்குகளோடு பக்கத்தில் நிறுத்திப் பார், குட்டையாக இருந்தால் அது சோர்ந்துவிட்டது. ஃபோர்க்குக்கும் ஸ்லீவ் பள்ளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார். பாதிப் பழுது இங்கேயே தீர்ந்துபோவதும் உண்டு.

ஆயிலைக் கீழே கொட்டிவிடாமல் சுத்தமான தட்டில் பிடி. காந்தம் வைத்த வடிகால் போல்ட் என்றால் அதில் சாம்பல் நிறத்தில் பசை போல் ஒட்டியிருக்கும், அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஆயிலில் மஞ்சளாக மின்னினால், கியர் சேரும்போது வேகத்தைச் சமன் செய்கிற பித்தளை வளையங்கள் தேய்கின்றன.

பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இறக்கு. ஸ்லீவ் தேய்ந்திருந்தால் அதையும் அது போய்ப் பூட்டுகிற பற்களையும் சேர்த்தே மாற்று. பழைய பல்லின் மேல் புது ஸ்லீவ் போட்டால் சில மாதத்தில் அதையும் பழைய பல் தின்றுவிடும். "இப்போதைக்கு ஓடும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. பைலட் பேரிங், குழி ரோலர்கள் இரண்டும் கண்டிப்பாகப் புதிது. பெட்டி இறங்கியிருக்கும்போது அந்தச் செலவு பெரிதில்லை, இன்னொரு முறை இறக்கும் கூலிதான் பெரிது.

அதுவரை வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் காலியாக, நான்காவதிலேயே நகர்த்து. டாப்பில் 60 போகிற வண்டி அதே சுற்றில் 40 போகும், போகட்டும். லோடோடு மட்டும் கிளம்பிவிடாதே. காலை எடுத்ததும் கியர் துள்ளுகிறது என்றால், சரிவில் இன்ஜினின் பிடி உனக்கு இல்லை என்று பொருள். கியரில் இல்லாத வண்டிக்கு, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. தர்மபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது எப்படியும் கீழ்க் கியரில்தான் வருவாய், எனக்குத் தெரியும். எனக்குப் பயம் சின்னச் சரிவுகளில்தான். டோல்கேட் வருகிறது என்று காலை எடுப்பாய், கம்பி துள்ளும், 16 டன்னும் வெறும் பிரேக்கை நம்பி உருளும். மிதித்து மிதித்து பிரேக்கின் காற்று இறங்கும், பிரேக் டிரம் காயும். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டாய். பழுதான பெட்டியோடு விற்றால் வாங்குகிறவன் கேட்பதுதான் விலை. முதலில் சரி செய். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இந்த மாதத் தவணையை நான் கட்டிவிடுகிறேன். நாளை வங்கிக்குப் போகிறேன், நீ அந்த நினைப்பை விடு. அப்பாவிடம் வாங்க வெட்கப்பட என்ன இருக்கிறது?

பொட்டலத்தில் உன் அம்மா செய்த எள்ளுருண்டை இருக்கிறது. அதன் அடியில் செய்தித்தாளில் சுற்றி ஓர் இரும்புத் துண்டு வைத்திருக்கிறேன். 1998-இல் அனந்தப்பூரில் கழற்றிய ஃபோர்க். கடவாயில் நீலம் பாரித்திருக்கிறது பார், ஒரு பக்கம் கத்தி போல் மெலிந்திருக்கிறது. உன்னுடையதைக் கழற்றியதும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

பிறகு பற்களின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நேராக அடித்தால் தேய்மானம் தெரியாது. பெட்டியை மூடுவதற்கு முன் கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன் அப்பா