உப்புவெளி யுத்த மயானத்தில் பூ வைக்க வந்தவர்களுக்கு

ஏப்ரல் 9 காலை உப்புவெளி யுத்த மயானத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த வான்படையினரின் கல்லறைகளுக்குப் பூ வைத்தோம். வாய்வழிச் சொன்னதைக் கேட்டே இத்தனை பேர் வருவீர்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

1942இல் அதே நாள் காலைதான் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டது. எண்ணெய்க் குதத்தில் விழுந்து எரிந்த ஜப்பானிய விமானத்தின் கதை நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சீனக்குடா விமானத்தளத்திலிருந்து பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்களில் ஏறிப்போய் எதிர்த்த பெடியள் யார், எவர் என்று கேட்டால்தான் பதில் வராது. அதற்காகத்தான் பெயர்களை வாசிக்க வைத்தோம். ஆங்கிலப் பெயர்களைத் தடக்குப்படாமல் வாசித்த உயர்தர மாணவர்களுக்கு முதல் நன்றி.

மயானத்தைப் பராமரிக்கும் ஐயாவை மறக்க ஏலாது. பொச்சும் சவர்க்காரமும் கொண்டுபோன எங்களை வாசலிலேயே மறித்துவிட்டார். "உரஞ்சினால் எழுத்துத் தேஞ்சு போயிடும் பிள்ளையள், தண்ணி மட்டும் போதும்." பிறகு தானே குந்தியிருந்து, கழுகுச் சின்னத்தின் சிறகிடுக்கில் ஒட்டியிருந்த பாசியை மெல்லிய பிரஷால் எடுத்துக் காட்டினார்.

"வெள்ளைக்காரனுக்கு எங்கட ஆக்கள் ஏன் பூ வைக்கவேணும்?" என்று கேட்ட அண்ணைக்கும் நன்றிதான். கேட்டுவிட்டுப் போகாமல் கடைசிவரை நின்றார். அவருக்குப் பதில் சொன்னது நாங்கள் அல்ல, பூக் கொண்டுவந்த அக்கா. குண்டு போட்ட அன்று எதிரிக் கப்பல்களைத் தேடித் தெற்கே கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானத்தில் போன ஒருவரும் திரும்பவில்லை, அவர்களுக்குக் கல்லறை இல்லை, சிங்கப்பூர் கிராஞ்சியில் போர் நினைவிடச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். "பேர் எழுத ஒரு சுவர் எண்டாலும் குடுத்திருக்கினம்," என்றார் அக்கா. அவருடைய தம்பியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பூவுக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

நிலாவெளி வீதியில் முதியவர்களை ஏற்றி இறக்கிய ஆட்டோத் தம்பிமார், வெயிலுக்குக் குடை தந்த பக்கத்து வீட்டார், பிளேன்டீ ஊற்றித் தந்த கடைக்கார நானா, எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். நீலக் குடை ஒன்று எங்களிடம் நிற்கிறது, உரியவர் வந்து எடுக்கவும். படம் எடுத்த தம்பி, அக்கா பெயர் வாசித்த படத்தை அவருக்கு ஒரு பிரதி போட்டுக் குடுத்துவிடுங்கோ. கேட்டுக்கொண்டே இருக்கிறா.