முத்தையாவுக்கு, அந்த ‘டொக்’ சத்தம் பற்றி

மோல்மேன்

அன்புள்ள முத்தையா,

தீபாவளிக்கு ரங்கூன் வந்து உன் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்தவன், ஊர் வந்து சேர்ந்தேன் என்றுகூட எழுதவில்லை. மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பிக்குப் பெண் பார்த்தாயிற்று, தேதி குறிக்கவில்லை. உங்கள் தெருவில் மொய்ங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், விற்கிற அக்கா இன்னும் உன் கணக்கில்தான் எழுதுகிறாளா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் “சரிடா, சரிடா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் ஸ்டியரிங் சத்தம் போடுகிறது என்று சொன்னேன் இல்லையா? சத்தம் ஒன்றில்லை, இரண்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ‘ஊஊ’ என்று ஓர் ஊளை. நின்ற இடத்தில் திருப்பினாலும், மெதுவாகப் போகும்போது பிரேக் மிதித்தாலும் ‘டொக்’. இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்ததில்தான் இத்தனை மாதம் போயிற்று.

இங்கே ஒரு பட்டறையில் பவர் ஸ்டியரிங் பம்ப் போய்விட்டது என்று சொல்லி மாற்றிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் ஊளை திரும்பி வந்துவிட்டது. ஒரு நாள் எஞ்சின் ஓடும்போதே ஸ்டியரிங் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்த்தேன். உயரத் தூக்கி ஆற்றின டீ மாதிரி மேலெல்லாம் நுரை! டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர் ஹோஸ், கிளிப் இருக்கிற இடத்தில் விறைத்து வெடித்திருந்தது. வெளியே ஆயில் பெரிதாக ஒழுகவில்லை, ஆனால் பம்ப் இழுக்கும்போது காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஹோஸை மாற்றினேன். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து, எஞ்சினைப் போடாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை மெதுவாகத் திருப்பினேன். ஆயில் இறங்க இறங்க ஊற்றினேன். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். ஊளை போயே போய்விட்டது. பாவம், பழைய பம்பில் ஒரு குறையும் இருந்திருக்காது.

‘டொக்’ மட்டும் போகவில்லை. காதுக்கு அது ஸ்டியரிங் தண்டிலிருந்து வருகிற மாதிரியே இருக்கும். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 1970இல் நம் பர்மாவில் போக்குவரத்தை வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள், நம் ஜப்பான் வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் சாலை ஓரத்துப் பள்ளம், மழைத் தண்ணீர், சேறு எல்லாவற்றிலும் விழுந்து எழுவது நம் காலடியில் இருக்கிற அதே வலது சக்கரம். அங்கே தட்டினால் ஸ்டியரிங்கில் தட்டுகிற மாதிரிதான் கேட்கும்.

செல்வியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்தேன். ஒவ்வொரு மூட்டாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டை ராடு எண்டில் ஒன்றுமில்லை. அந்தக் கம்பிகளைத் தாங்குகிற ஐட்லர் ஆர்மில் ஒன்றுமில்லை. சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு இணைக்கிற குமிழ் மூட்டு, அதுதான் கீழ் பால் ஜாயிண்ட், அதில் கை வைத்ததும், விரலில் சொடக்கு எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி ஓர் அடி உள்ளங்கையில்.

அந்தப் பட்டறையில் இதையும் பார்த்தார்கள், முத்தையா. ஜாக்கியை வண்டிச் சட்டத்துக்கு (சேஸிஸ்) அடியில் கொடுத்துச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டி “ஆட்டமே இல்லை” என்றார்கள். அப்படித் தூக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்கிற டார்ஷன் பார் என்ற கம்பி ஆர்மை அழுத்திக்கொண்டே இருக்கும், தேய்ந்த ஜாயிண்டும் இறுகித்தான் நிற்கும். நான் ஜாக்கியைக் கீழ் ஆர்மிலேயே, ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுத்து, டயரைத் தரையிலிருந்து கொஞ்சம் எழுப்பி, அடியில் கடப்பாரை விட்டு நெம்பினேன். சக்கரம் எகிறியது. ‘டொக்’.

கழற்றிப் பார்த்தால் ரப்பர் மூடி கிழிந்து, கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் துருச் சேறு. புது ஜாயிண்டின் தண்டைக் கையால் அசைக்கவே பலம் வேண்டும். இது தன் கனத்திலேயே சாய்ந்து விழுந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் குமிழ் கழன்று சக்கரம் மடங்கியிருக்கும். ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி நம் பேச்சைக் கேட்காது. இந்த வண்டியில்தான் வாரா வாரம் தான்பியூசயாட்டிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வந்தேன். போன மாதம் பின்னால் ஒன்பது பிள்ளைகளை உட்காரவைத்து முடோன் வரை போய் வந்தேன். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். தீபாவளி அன்று காளி கோவில் முன்னால் நிறுத்த உன் வண்டியைத் திருப்பினாயே, அப்போது இதே சத்தம் கேட்டது. உன் சின்னவள் என் மடியில் இருந்தாள். பழைய வண்டி, இருக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். உன்னுடையதும் என்னுடையதும் ஒரே மாடல், ஒரே மாதத்தில் வாங்கியவை. அன்றே வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும்.

பீலிக்கான் கோவிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பப்போவதாகச் சொன்னாய். அந்த வண்டியில் போகாதே. வாடகைக்குப் பிடி, காசு பார்க்காதே. ஜாயிண்டைப் பார்க்கும்வரை மார்க்கெட் லோடும் ஏற்றாதே. புது ஜாயிண்ட் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன். பழைய சாமான் கடைக்குப் போய் யாரோ கழற்றிப் போட்டதை வாங்கிவிடாதே, முத்தையா, இதில் மட்டும் வேண்டாம். நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்ப்ளிட் பின்னும் புதிதாகவே போடவேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன்னிடம் நல்ல ஜாக்கியும் கடப்பாரையும் இருந்தால் எடுத்து வை. செல்வியும் வருகிறாளாம். ஸ்டியரிங் திருப்ப அவளைவிட்டால் ஆள் கிடையாதாம்.

அன்புடன்,
சோமு