குச்சி டீயைக் கொதிக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் தேயிலைச் செடியின் தண்டில் போடுகிற ஜப்பான் குச்சி டீ பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். குகிச்சா என்ற பெயரை நம் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதில் சொன்னபடியே பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாக வாங்கி வந்த பாக்கெட்டில் கால்வாசியை வீணாக்கிவிட்டாள். என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மஞ்சள் பூத்த தண்ணீர், வேகவைத்த கீரை வாசனை, ஒரே துவர்ப்பு. தப்பு அவளுடையது இல்லை. நீங்கள் போட்ட படம் பச்சைக் குச்சி, செய்முறையோ வறுத்த குச்சிக்கு உரியது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், போடும் விதம் வேறு.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தோம். அம்மா கொழுந்து எடுத்தார். நான் பத்தொன்பது வயதில் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். என் வேலையே குச்சி பொறுக்குவதுதான். மேஜை மேல் தூளைப் பரப்பிவிடுவார்கள். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சிவந்து நீண்டிருக்கும் குச்சிகளை விரல் நுனியால் எடுத்துப் போட வேண்டும். ஒரு குச்சி தப்பினாலும் ஏச்சு விழும். தண்டு இலையைப் போல உருளாது, சாயமும் இறங்காது. தூளில் குச்சி தெரிந்தால் குன்னூர் ஏலத்தில் விலை இறங்கிவிடும். இப்போது அந்த வேலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. எங்கள் காலத்தில் அது எங்கள் கண்ணும் விரலும்தான்.

ஒரு நாள் ஒரு பிடி குச்சியை முந்தானையில் முடிந்து லயத்துக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைச் சட்டியில் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கினார். சாயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெளிறிய செம்மண் தண்ணீர்போல இருந்தது. குடித்துப் பார்த்துவிட்டு, "கசப்பே இல்லையேடி" என்றார். அந்த வார்த்தை என் மனசில் தங்கிவிட்டது. எதனால் கசக்கவில்லை என்று தெரிந்துகொள்ள நாற்பது வருஷம் ஆயிற்று.

தேயிலைக்கு இனிப்பும் ஒரு சாறுச் சுவையும் கொடுக்கிற தியானின் என்ற சத்து, செடியின் வேரில் உண்டாகி தண்டு வழியாக மேலே ஏறுகிறது. இலைக்குப் போய் வெயில் பட்டதும் அதில் பெரும் பங்கு துவர்ப்புப் பொருளாக மாறிவிடுகிறது. தண்டில் அந்த மாற்றம் குறைவு. அதனால் துவர்ப்பு கம்மி, இனிப்பு தங்குகிறது. கஃபீனும் இளம் கொழுந்திலும் மொட்டிலும்தான் அதிகம், தண்டில் குறைவு. உங்கள் கட்டுரையில் 'கஃபீனே இல்லாதது' என்று வந்திருக்கிறது. அது சரியில்லை. குறைவு, அவ்வளவுதான். நான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடித்தாலும் தூக்கம் வருகிறது. ஆனால் டாக்டர் கஃபீனே கூடாது என்று சொன்னவர்கள் அந்த வரியை நம்பிக் குடித்துவிடக் கூடாது.

'தேயிலைக் கழிவு' என்ற சொல்லையும் போட்டிருந்தீர்கள். படித்தபோது நெஞ்சில் சுருக்கென்றது. ஜப்பானில் அவர்கள் கொழுந்தைப் பறித்த கையோடு நீராவியில் வேகவைத்து, உருட்டிக் காயவைக்கிறார்கள். அதனால் தண்டும் பச்சை மாறாமல் நிற்கிறது. செஞ்சா, கியோக்குரோ என்ற பச்சை டீ வகைகளைச் செய்யும்போது பிரிகிற தண்டுதான் இந்தக் குகிச்சா. குகி என்றால் தண்டு, ச்சா என்றால் டீ. கியோக்குரோச் செடிக்குப் பறிப்பதற்கு முன்னால் மூன்று வாரம்போல நிழல் கட்டி வைப்பார்கள். அந்தத் தண்டுக்கு கரிகானே என்று தனிப் பெயரே உண்டு. அந்தச் சொல்லுக்குக் காட்டு வாத்து என்று அர்த்தம். கடல் தாண்டிப் பறக்கும் வாத்துகள் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு போய், களைத்தால் அதைத் தண்ணீரில் போட்டு அதன்மேல் இளைப்பாறுமாம். என் பேத்திக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

சரி, இரண்டு வகை என்றேன். ஜப்பானில் சாதாரணமாகக் குகிச்சா என்றால் பச்சைத் தண்டு. அமெரிக்கா, ஐரோப்பாப் பக்கம் ஜார்ஜ் ஓசாவா, மிச்சியோ குஷி போன்றவர்கள் பரப்பிய, முழுத் தானியமும் காய்கறியும் முக்கியமான மேக்ரோபயாடிக் உணவுமுறை வழியாகப் போனது வேறு. முற்றிய குச்சியையும் காம்பையும் வறுத்த பழுப்பு டீ அது. அதைத்தான் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவார்கள். உங்கள் கட்டுரைக்குச் செய்முறை அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பச்சையை எப்படிப் போடுவது என்று நான் கண்ணால் பார்த்தேன். என் மருமகள் பிடதிப் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அவள் மேலதிகாரியின் மனைவி போன தை மாசம் எங்கள் மர்பி டவுன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பாக்கெட். நான் குச்சி பொறுக்கினவள் என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாளாம். அந்த அம்மா அடுக்களையில் என் பக்கத்தில் நின்று, தண்ணீர் கொதித்ததும் இறக்கி, ஒரு வெறும் கோப்பையில் ஊற்றினார். அதை இன்னொரு கோப்பைக்கு மாற்றினார். நான் உடனே டபராவையும் டம்ளரையும் எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார். நாம் டீ போட்டுவிட்டு ஆற்றுகிறோம், அவர்கள் தண்ணீரை முதலில் ஆற்றிவிட்டு டீ போடுகிறார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏழெட்டு டிகிரி இறங்கும். நம் பெங்களூரு மேட்டில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் டபராவில் இரண்டு மூன்று ஆற்று ஆற்றினால் போதும், வேண்டிய 75 - 80க்கு வந்துவிடும்.

ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீருக்குக் குவியலாக இரண்டு டீஸ்பூன். குச்சி தக்கையாக இருப்பதால் தூள் போடுகிற அளவு பத்தாது. மூடி வைத்து நாற்பத்தைந்து நொடி, மிஞ்சினால் ஒரு நிமிஷம். கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அடுத்த முறை துவர்க்கும். அப்புறம் அதே குச்சியில் இன்னும் கொஞ்சம் சூடான தண்ணீரை ஊற்றி, பதினைந்து நொடியில் இரண்டாம் டம்ளர் எடுக்கலாம். பால், சர்க்கரை வேண்டாம். இளம்பச்சை நிறம், அவித்த பச்சைப் பட்டாணி வாசனை, தொண்டையில் ஒரு இனிப்பு. போர்வெல் தண்ணீரில் போட்டால் மேலே ஆடைபோல ஏடு படிந்து ருசி மழுங்கிவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள்.

அன்றைக்கு என் கோப்பையில் ஒரு துண்டுக் குச்சி வடிகட்டியைத் தப்பி வந்து, செங்குத்தாக மிதந்தது. பழைய பழக்கம், சட்டென்று எடுத்துப் போட விரலை நீட்டினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். டீயில் குச்சி நின்றால் அந்த வீட்டுக்கு நல்லது வரும் என்பது அவர்கள் நம்பிக்கை, சாபாஷிரா என்று அதற்குப் பெயர் என மருமகள் சொன்னாள். நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தக் குச்சி மெல்லச் சுற்றிக்கொண்டே நின்றது.

இனி வறுத்த குச்சி. கனாசாவா நகரத்துப் பக்கம் தண்டை மட்டும் வறுத்து காகா போச்சா என்று செய்கிறார்கள், அதற்கு நல்ல பெயர். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றலாம். முற்றிய குச்சி என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி போட்டு, சிறு தீயில் ஐந்து முதல் பத்து நிமிஷம் விடலாம். பச்சைக் குச்சி பழசாகி வாசனை போய்விட்டால் எறியாதீர்கள். காய்ந்த மண்சட்டியில் எண்ணெய் இல்லாமல் போட்டுச் சட்டியை ஆட்டிக்கொண்டே இருங்கள். முதலில் புல் வாசனை, அப்புறம் வறுகடலை வாசனை. குச்சி லேசாக உப்பிப் பழுப்பாகும்போதே இறக்கிவிட வேண்டும். சட்டிச் சூட்டிலேயே மீதி வறுபடும். கறுத்தால் கரிதான்.

சமையலுக்கு இந்த வறுத்ததுதான் தோது. ஜப்பானில் நாரா என்ற ஊர்ப் பக்கம் டீயில் கஞ்சி வைப்பார்கள், சாகாயு என்று பெயர். நான் வைப்பது இப்படி: அரை டம்ளர் பச்சரிசிக்கு ஐந்து டம்ளர் வறுத்த குச்சி டீ. நன்றாகக் கொதிக்கும்போது கழுவிய அரிசியைப் போட்டுக் கிளறாமல் விட வேண்டும். கிளறினால் கூழாகிவிடும். அரிசி வாய் பிளந்ததும் உப்புப் போட்டு இறக்கிவிடலாம். அவர்கள் உப்பில் ஊறிய பிளம் காய் வைத்துக்கொள்வார்கள். நான் உப்பு நாரத்தங்காய் வைத்தேன். மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு நாள் அதுதான் ஆகாரம். ஆறிய சோற்றில் சூடான டீயை ஊற்றிச் சாப்பிடும் ஒச்சாசூகேவும் உண்டு. பழைய சோறு தெரிந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொண்டைக்கடலை வேகவைக்கும்போது ஒரு துணி முடிச்சில் இரண்டு ஸ்பூன் குச்சியைக் கட்டிப் போட்டால் நிறமும் ஒரு வறுவல் மணமும் கிடைக்கும். வெந்த பிறகு முடிச்சை எடுத்துவிடுங்கள், குச்சியைக் கடித்து மெல்ல முடியாது.

இன்னும் ஒன்றை அவசியம் போட வேண்டும். உங்கள் கட்டுரை வந்த மூன்றாம் நாளே இங்கே ஒரு கடையில் 'ஜப்பான் குச்சி டீ' என்று பாக்கெட் இல்லாமல் எடை போட்டு விற்றார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். சிவந்த குச்சி, நடுவே நார், அடியில் தூசி. நம் தொழிற்சாலையில் கறுப்பு டீயிலிருந்து பிரித்தது அது, எனக்குத் தெரியாதா. பச்சைத் தண்டு மழமழவென்று இளம்பச்சையும் வெள்ளையும் கலந்து இருக்கும். வறுத்தது சீரான பழுப்பாக, உடைத்தால் மணக்கும். 1959இல் வந்த தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணையில் இப்படிக் கறுப்பு டீயிலிருந்து பிரித்த தண்டு, நார், கூட்டிப் பெருக்கியது எல்லாம் ஒரே கணக்கு. உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ விற்கவோ கூடாது. தரையில் கூட்டியதையும் கலந்து டீ என்று விற்றுவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம், நல்ல சட்டம். ஆனால் தண்டைச் சுத்தமாகப் பிரித்து, வேகவைத்து, தண்டு என்றே பெயர் சொல்லி விற்க நீலகிரியில் யாராவது முயன்றால் அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும். பச்சை டீ செய்யும் தொழிற்சாலைகள் அங்கேயும் இருக்கின்றன. பொறுக்கத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன. தேயிலை வாரியத்தில் இருப்பவர்கள் நம் பத்திரிகையைப் படித்தால் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முழுக் கடிதத்தையும் போட இடமில்லை என்றால் பரவாயில்லை. பச்சைக் குச்சிக்குத் தண்ணீரை ஆற்றி ஊற்றவும், ஒரு நிமிஷத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று இரண்டு வரியை வரும் ஞாயிறு இணைப்பில் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இன்னும் முக்கால் பாக்கெட் இருக்கிறது. அவளைப் போல இன்னும் எத்தனை பேர் வாங்கி வைத்திருக்கிறார்களோ.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மர்பி டவுன், பெங்களூரு